மகள் அரசியல் அறிவியல் படிக்கட்டுமா? ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த மகள் இன்ஜினியரிங் வேண்டாம், அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். "கட்சியில் சேரப் போகிறாளா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதாகவும் சொல்லியிருந்தீர்கள். அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அநீதி நடந்து முடிந்த நாடு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஆதாரத்தோடு வாதிடப் பழக்கும் படிப்பு இது. அந்தப் பழக்கம் எப்படி வருகிறது என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994இல் முடிந்தது. சித்திரவதை செய்த போலீஸ்காரர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைத்தார்கள். அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்பு உண்டு என்றார்கள். நிறவெறியை எதிர்த்துப் போராடி, 1977இல் போலீஸ் காவலில் இறந்த ஸ்டீவ் பைக்கோவின் குடும்பம் இதை ஏற்கவில்லை. வழக்குப் போடும் உரிமையே பறிபோகிறது என்று அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் நீதிமன்றம் பொதுமன்னிப்பு செல்லும் என்றது. ஆனால் 1999இல், பைக்கோ மரணத்தில் மன்னிப்புக் கேட்டு வந்த போலீஸ்காரர்களுக்கு ஆணையமே மன்னிப்பு தர மறுத்தது. சரி, அப்புறமாவது தண்டனை கிடைத்ததா? இல்லை. போதிய சாட்சியம் இல்லை என்று 2003இல் அரசுத் தரப்பு வழக்குத் தொடராமல் விட்டுவிட்டது.

உகாண்டாவைச் சேர்ந்த அறிஞர் மஹ்மூத் மம்தானி இன்னொரு கோணத்தில் கேட்டார். கொலையையும் சித்திரவதையையும் மட்டும் ஆணையம் விசாரித்தால், நிறவெறி அரசு சட்டம் போட்டு லட்சக்கணக்கானவர்களை ஊரைவிட்டு விரட்டியதற்கு யார் பொறுப்பு? உங்கள் மகள் இதில் எந்தப் பக்கமும் நிற்கலாம். ஆனால் எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தையும் அவளே எழுதிக் காட்ட வேண்டும். மார்க் அதற்குத்தான்.

இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் நடத்தும் தொடர் போராட்டத்திலும் இதே கேள்விதான் நிற்கிறது: உண்மை போதுமா, தண்டனையும் வேண்டுமா? அந்தத் தாய்மார் சொல்வதை மொழிபெயர்ப்பு இல்லாமல் நேரடியாகக் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிற மாணவிக்கு அது பெரிய பலம்.

இனி வேலை. பி.ஏ. முடித்த கையோடு கேம்பஸில் வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எம்.ஏ. வரை, ஐந்து வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு ஆய்வு செய்யலாம். பள்ளி ஆசிரியர் வேலைக்கு பி.எட்.டும் முடித்து டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு எழுத வேண்டும். பி.ஏ. முடித்ததும் மூன்று வருடச் சட்டப் படிப்புக்குப் போவதும் நல்ல வழி. வாதத்தை எழுத்தில் கட்டத் தெரிந்தவர்கள் சட்டத்தில் நன்றாகவே வருகிறார்கள். பத்திரிகை, கொள்கை ஆய்வு நிறுவனங்கள், மனித உரிமை அமைப்புகளிலும் இடம் உண்டு; ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். யு.பி.எஸ்.சி.யில் இதை விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மார்க். ஆனால் ஐ.ஏ.எஸ். ஒன்றுக்காக மட்டும் இதில் சேர வேண்டாம், அந்தத் தேர்வுக்கு எந்த டிகிரியும் போதும்.

சென்னை மாநிலக் கல்லூரி மாதிரியான அரசுக் கல்லூரிகளிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எம்.ஏ.வுக்கு புதுச்சேரி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்கள், டெல்லியில் உள்ள ஜே.என்.யூ. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) என்று யோசிக்கலாம். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்க்கும் அவசியம் இந்தப் படிப்புக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு உண்மையில் கவலை ஆங்கில வாசிப்பைப் பற்றித்தான். பாடக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை முதல் வருடம் திணறும். தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படித்து, அதன் வாதத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள், இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

அப்புறம் ஒரு சோதனை. அவள் உறுதியாக நம்பும் ஏதாவது ஒரு விஷயத்துக்கு எதிராக இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து எழுதி முடிக்கிறாளா என்று பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு அவளையும் அவள் அப்பாவையும் கூட்டி வாருங்கள். எந்தக் கல்லூரி என்பதை நாலு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.