பீத்தோவனை எங்கிருந்து தொடங்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களும் அடங்கிய தொகுப்பை வாங்கிவிட்டேன். ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக வாசிக்கலாமா?

வேண்டாம். அந்த எண்கள் பெரும்பாலும் நூல் அச்சேறிய வரிசையைக் காட்டுகின்றன. எளிமைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. முதல் சொனாட்டா வியன்னாவில் தன் கைவரிசையைக் காட்ட வந்த இளைஞர் எழுதியது. அதன் கடைசிப் பகுதியில் தொடக்க மாணவர் திணறிப்போவார்.

தொகுப்பிலேயே எளியவை 19, 20 ஆகிய இரண்டும்தான் (ஓபஸ் எனப்படும் வெளியீட்டு எண் 49). 1790களில் எழுதி ஒதுக்கி வைத்திருந்தவை, 1805இல்தான் வெளிவந்தன. 20இல் தொடங்குங்கள். ஜி மேஜர், இரண்டே பகுதிகள். இரண்டாம் பகுதியான மினுவெட்டின் மெட்டு அவருக்கே பிடித்திருக்க வேண்டும். ஏழு கருவிகளுக்கான ஓபஸ் 20 செப்டெட்டிலும் அதை எடுத்தாண்டிருக்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சொனாட்டாவின் முதல் பதிப்பில் எங்கே மென்மை, எங்கே அழுத்தம் என்ற குறிகள் அநேகமாக இல்லை. உங்கள் நூலில் அவை நிறைந்திருந்தால் பெரும்பாலும் பதிப்பாசிரியர் போட்டவை. அவற்றுக்குக் கட்டுப்படாமல், வாசித்துப் பார்த்து நீங்களே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 19, அதன்பின் 25 (ஓபஸ் 79), 9 (ஓபஸ் 14 எண் 1) என்று போகலாம்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, இரண்டாம் கிரேடு முடித்திருக்கிறாள். 'ஃப்யூர் எலீஸ்' வாசித்தே தீருவேன் என்கிறாள். ஆசிரியர் மறுக்கிறார். சுருக்கிய எளிய வடிவம் வாங்கித் தரலாமா?

ஆசிரியர் பக்கம்தான் நான். எல்லோருக்கும் தெரிந்த அந்த முதல் பகுதியை உங்கள் மகள் ஒரு மாதத்தில் வாசித்துவிடுவாள். சிக்கல் அதற்குப் பிறகுதான். எஃப் மேஜரில் வரும் இடைப்பகுதியில் வலது கை திடீரென்று இரு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அடுத்த பகுதியில் இடது கை ஒரே 'ஏ' ஸ்வரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் கனத்த கார்டுகள் வரும். பாதிப் பிள்ளைகள் முதல் பக்கத்தோடு நின்றுவிடுவது இதனால்தான். விருந்தினர் வரும்போதெல்லாம் அந்த ஒரு பக்கத்தையே கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது.

சுருக்கிய வடிவம் எதற்கு? பீத்தோவனே எளிதாக எழுதியவை இருக்கின்றன. ஒரு சுவிஸ் நாட்டுப் பாடலை வைத்து அவர் அமைத்த ஆறு வேரியேஷன்கள் (ஓபஸ் எண் பெறாதவற்றுக்கான WoO என்ற வகைப்பாட்டில் 64) பியானோவுக்கோ ஹார்ப்புக்கோ ஏற்றவை. அவற்றின் தொடக்க மெட்டிலேயே இப்போது கை வைக்கலாம். ஜி மேஜர் சொனாட்டினாவும் இந்த வயதுக்குப் பொருந்தும். அது பீத்தோவன் எழுதியதுதானா என்பதே ஐயம். இருந்தாலும் நல்ல பாடம்.

கேள்வி: என்னிடம் 61 கீ கீபோர்டு இருக்கிறது. 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதியை அதில் வாசிக்க முடியுமா?

பீத்தோவன் அதை எழுதிய 1801இல் வியன்னாவில் வழக்கத்திலிருந்த பியானோவுக்கும் ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி)தான். ஏறக்குறைய உங்கள் கீபோர்டின் அகலம். ஆனால் அது கீழே 'எஃப்'பில் தொடங்கியது. உங்களுடையது அதற்கு மேலிருக்கும் 'சி'யில் தொடங்குகிறது. விளைவு, முதல் பாரில் (தாளக் கட்டத்தில்) இடது கை ஆக்டேவ் சரியாக அமையும். இரண்டாம் பாரிலேயே கீழ் 'பி' இருக்காது. மூன்றாம் பாரின் ஆழம் முழுக்கக் காணாமல் போகும். பழகிப் பார்க்கலாம், அவ்வளவே. வாங்குவதானால் 88 கீயும் கனமான கீ அழுத்தமும் உள்ள டிஜிட்டல் பியானோவாக வாங்குங்கள்.

கேள்வி: ஆறாம் கிரேடு முடித்தவன். 'மூன்லைட்' முதல் பகுதியில் ஸ்வரங்கள் சரியாக விழுகின்றன. ஆனால் ஒன்றோடொன்று குழம்பிச் சேறாகக் கேட்கிறது. பெடலில் தவறா?

பெடலில் பாதி, விரலில் பாதி.

டாம்பர்களை (தந்திகளின் அதிர்வை அடக்கும் பட்டைகளை) தூக்கியபடியே இந்தப் பகுதி முழுவதையும் வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் எழுதிவைத்திருக்கிறார். அதை அப்படியே பின்பற்றிப் பெடலை அமுக்கிக்கொண்டே இருந்தால் இன்றைய பியானோவில் குழப்பம்தான் மிஞ்சும். அவருடைய பியானோவில் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். நம்முடையதில் நெடுநேரம் நிற்கும். இடது கையின் கீழ் ஸ்வரம் மாறும் ஒவ்வொரு முறையும் பெடலை மாற்றுங்கள். ஸ்வரம் ஒலித்த பிறகு கால் எழுந்து இறங்க வேண்டும், ஒலிக்கும்போதே அல்ல. பழகிய பின் பெடலை முழுதும் விடாமல் பாதி மட்டும் தூக்கிப் பாருங்கள்; அவர் கேட்ட மூட்டம் கொஞ்சம் கிடைக்கும்.

அடுத்தது வலது கை. ஒரே கையில் இரண்டு வேலை: கட்டைவிரலும் அடுத்த விரல்களும் மும்மூன்றாக நகரும் ஸ்வரங்களைத் தொட, சுண்டுவிரல் மேலே மெட்டைப் பாட வேண்டும். கட்டைவிரலுக்கு இயல்பிலேயே பலம் அதிகம். சும்மா விட்டால் மெட்டை மூடிவிடும். மெட்டை மட்டும் வலது கைச் சுண்டுவிரலால் வாசியுங்கள். மும்மை ஸ்வரங்களை இடது கை பார்த்துக்கொள்ளட்டும். அந்த ஒலி காதில் பதிந்த பிறகு இரண்டையும் வலது கைக்கே கொடுங்கள். சில இடங்களில் ஒன்பதாவது ஸ்வரம் வரை கை விரிய வேண்டியிருக்கும். எட்டாவிட்டால் இழுக்காதீர்கள்; கீழ் ஸ்வரத்தை இடது கை எடுத்துக்கொள்ளலாம்.

வேகமும் ஒரு காரணமாக இருக்கலாம். 'அடாஜியோ' என்று பார்த்ததும் தூங்கவைத்துவிடுகிறோம். பாருக்கு இரண்டு துடிப்பு என்றுதான் அவர் தாளம் குறித்திருக்கிறார், நான்கல்ல.

கேள்வி: 'மூன்லைட்' முதல் பகுதி வந்துவிட்டது, மூன்றாம் பகுதிக்கு எவ்வளவு காலம் ஆகும்?

பெயர் ஒன்று, படிகள் வேறு. இடையில் சில ஆண்டுகள் இருக்கின்றன. முதலில் 'பத்தெதீக்' (ஓபஸ் 13) சொனாட்டாவின் மெதுவான நடுப்பகுதியை வாசியுங்கள்.

கேள்வி: பட்டயப் படிப்பில் இருக்கிறேன். 'வால்ட்ஸ்டைன்' சொனாட்டாவின் முடிவில் வரும் ஆக்டேவ் வழுக்கல் (ஆக்டேவ் விரிவில் விரல்களைக் கீக்களின்மேல் இழுத்து வாசிப்பது) எனக்குக் கைகூடவேயில்லை.

பலருக்கும் கைகூடுவதில்லை, உங்கள் குறையில்லை. அதை எழுதி முடித்த 1804இல் இருந்த கீக்கள் இலேசானவை, அவை அமுங்கும் ஆழமும் குறைவு. கையைக் கிடத்தி இழுத்தால் வழுக்கிப் போகும். இன்றைய கான்சர்ட் கிராண்டில் தோல் உரியும். அதையும் மென்மையாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்! இரண்டு கைக்கும் பகிர்ந்து, ஒரு கைக்கு ஒரு வரிசையாக வேகமாக வாசிக்கலாம். அப்போது மறுகைக்கு உரிய சில ஸ்வரங்களை விட வேண்டிவரும். மணிக்கட்டைத் தளர்த்தி ஆக்டேவ்களாகவே வாசிப்பவர்களும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் அதற்காக முன்பகுதியின் வேகத்தைக் குறைக்காதீர்கள். தேர்வாளர் காதில் முதலில் படுவது அதுதான்.