ஷெல் ஸ்கிரிப்டில் நிறம் காட்டும் பகுதி நீளமாக இருக்கிறது, சுருக்குங்கள் என்று கோட் ரிவ்யூவில் சொல்கிறார்கள். எப்படிச் சுருக்குவது?

சிவப்புக்கு ஒரு ஃபங்ஷன், பச்சைக்கு ஒன்று, தடித்த மஞ்சளுக்கு ஒன்று என்று உங்களிடமும் வரிசை கட்டி நிற்கும் என்று நினைக்கிறேன். என்னிடம் பதினொன்று இருந்தன. இரவில் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் அது. வேலை செய்யும் வரிகளைவிட வர்ணம் பூசும் வரிகளே அதிகம். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், ஓட்டிப் பார்த்து நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பிறகொரு நாள் சிறு திருத்தம் ஒன்றை ரிவ்யூவுக்கு அனுப்பினேன். பார்த்தவர் என்னைவிட ஆறு வயது இளையவர். ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: "லாக் ஃபைலைத் திறந்து பார்த்தீர்களா சார்?" ஸ்கிரிப்ட் இரவில் அச்சிடுவதெல்லாம் சேரும் கோப்பு அது. எரிச்சலோடு திறந்தேன். டெர்மினலில் நிறம் மாற்றச் சொல்லும் எஸ்கேப் குறியும் 31, 0 என்ற எண்களுமாக வரிக்கு வரி குப்பை. அதுகூடப் பரவாயில்லை. 'பிழை' என்று தொடங்கும் வரிகளை கிரெப் என்ற தேடும் கட்டளை பிடித்துத் தந்தால்தான் எனக்கு மெயில் வரும். வரியோ எஸ்கேப் குறியில் அல்லவா தொடங்குகிறது! மூன்று இரவுகள் பேக்கப் நடக்கவே இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

பதினொன்றும் போய் மிஞ்சியது இவ்வளவுதான். தொடக்கத்தில் ஒரே சோதனை: வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா? போனால் சிவப்பு, பச்சை, இயல்பு ஆகிய மூன்றின் குறிகளையும் மூன்று மாறிகளில் வையுங்கள்; இல்லையென்றால் மூன்றும் வெறுமையாக இருக்கட்டும். அச்சிட ஒரே ஃபங்ஷன். வழக்கமான வெளியீட்டுக்கு 1ஆம் எண் வழி, பிழைகளுக்கு 2ஆம் எண் வழி; பிழைச் செய்தி 2-இல் போனால் சோதனையும் 2-க்குத்தான், 1-க்கு அல்ல. இதையும் அந்தத் தம்பிதான் சொன்னார்.

அச்சிடும் கட்டளைகளில் எக்கோ வேண்டாம், பிரிண்ட்எஃப் போதும். உபுண்டுவில் எஸ்ஹெச் என்று அழைத்தால் ஓடுவது டாஷ் என்ற ஷெல்; எஸ்கேப் குறிகளைப் புரிந்துகொள்ளச் சொல்லி எக்கோவுக்குக் கொடுக்கும் 'ஹைஃபன் ஈ'யை (-e) அது அப்படியே அச்சிட்டுவிடும். செய்தியை பிரிண்ட்எஃப்பின் வடிவச் சரத்திலேயே (எப்படி அச்சிடுவது என்று சொல்லும் முதல் பகுதி; அதில் % குறிக்குத் தனிப் பொருள் உண்டு) ஒட்டிவிடாதீர்கள். "வட்டு 95% நிறைந்தது" என்று வரும் நாளில் வம்பு.

நிறக் குறிகளைத் தர டிபுட் என்ற கட்டளை இருக்கிறதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தெரியும். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானில், டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறி இல்லாமல் அது முனகியதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

இன்னொன்று. அந்தத் தம்பி என்னை அறுபது வரிக்கு மேல் நீக்க வைத்தார். எங்கள் அலுவலகத்தில் ஊதிய உயர்வுக்குச் சேர்த்த வரிகளை எண்ணுகிறார்கள். அந்த வாரம் என் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே. அவர் பெயரில் ஒரு வரிகூட இல்லை.