பரணில் கிடந்த வால்வு ரேடியோவை மறுபடி பாட வைக்க முடியுமா?

கேள்வி: தக்கலை பக்கத்தில் எங்கள் குடும்ப வீட்டை இடிக்கப் போகிறோம். பரணில் பாட்டா வைத்திருந்த மரப்பெட்டி வால்வு ரேடியோவும் ஒரு ரெக்கார்டு பிளேயரும் கிடைத்தன. கடையில் காட்டினால், "வால்வு போச்சு, இனி கிடைக்காது" என்கிறார்கள். சரியாக்க வழி உண்டா?

பதில்:

உண்டு. ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். எத்தனையோ வருஷம் சும்மா கிடந்த ரேடியோவை "எரியுதான்னு பாப்போம்" என்று நேராகக் கரண்டில் மாட்டுவதுதான் அதைக் கொல்லுகிற முதல் வழி. பரணில் இருந்து இறக்கும்போது நன்றாக இருந்த டிரான்ஸ்ஃபார்மர், அந்த ஐந்து நிமிஷத்தில் புகைந்துபோகும்.

நான் மைக்செட் கடையில் தொழில் படித்தவன். கோயில் கொடைக்கும் சர்ச் திருநாளுக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் அது. இப்போது பழைய ரேடியோக்களைப் பொழுதுபோக்காகப் பார்க்கிறேன். "வால்வு போச்சு" என்பது பின்பக்க அட்டையைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் சொல்லுகிற பதில். என் மேஜைக்கு வந்த ரேடியோக்களில் வால்வு போனது அபூர்வம். போவது கண்டென்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்னப் பாகம்.

வால்வை நீங்களே பார்த்துவிடலாம். கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒரு திட்டு இருக்கும். அது பளபளப்பாகவோ கொஞ்சம் கறுத்தோ இருந்தால் நல்லது. பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. அடுத்து, ஈசிஎச் 81, ஈபிஎஃப் 89, ஈஎல் 84, ஈஇசட் 80 மாதிரி ஒன்பது பின் வால்வாக இருந்தால் மெதுவாகப் பிடுங்கி, 4, 5 பின்களில் மல்டிமீட்டரை வையுங்கள். தொடர்பு காட்டினால் உள்ளே சூடாகிற இழை உயிரோடு இருக்கிறது. "கிடைக்காது" என்பதும் சரியில்லை. பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் செய்த வால்வுகள் இன்றும் பழைய ஸ்டாக்கில் கிடைக்கின்றன. ஈஎல் 84-ஐ கிடார் ஆம்ப்ளிஃபயர்காரர்களுக்காக இப்போதும் வெளிநாட்டில் செய்கிறார்கள்.

இனி கண்டென்சர் விஷயம். மெழுகுக் காகிதத்தில் சுற்றிய பழைய கண்டென்சர்கள் நம் குமரி மாவட்டத்து ஈரத்தைத் தாங்குவதில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற ஊர். கரையோர வீடு என்றால் உப்புக்காற்று வேறு. அவற்றில் ஒன்றே ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது: ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வான ஈஎல் 84-இன் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் இடம்), அதாவது 2-ஆம் பின்னுக்கு வரும் கப்ளிங் கண்டென்சர். அதன் ஒரு முனையில் ஹை வோல்டேஜ் நிற்கிறது. அது கொஞ்சம் கசிந்தாலும் கிரிட் பாசிட்டிவ் ஆகிவிடும். வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து, உள்ளே தகடு செக்கச்செவேலென்று பழுக்கும். பிறகு வால்வும் போகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும், சில சமயம் மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகும். இத்தனைக்கும் காரணமான பாகத்தின் விலை ஒரு சாயா காசு. 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டென்சர் ஒன்று வாங்கி (பழையதில் என்ன மதிப்பு எழுதியிருக்கிறதோ அதே மதிப்பு) முதலில் அதை மாற்றுங்கள். கரண்ட் கொடுத்த பிறகு (எப்படிக் கொடுப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்) 2-ஆம் பின்னில் வோல்டேஜ் பாருங்கள்: பூஜ்யமாக இருக்க வேண்டும். 3-ஆம் பின்னில் ஏழு வோல்ட் சுமார் இருந்தால் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். மற்ற மெழுகுக் கண்டென்சர்களையும், ஹம் அடிக்க வைக்கும் பெரிய எலக்ட்ரோலைட்டிக் டப்பாவையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றை மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் முறை. எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டிப் போட்டால், எது எங்கே இருந்தது என்று தேடியே ஒரு வாரம் போகும்.

முதல் முறை கரண்ட் கொடுக்க சீரிஸ் லாம்ப் வேண்டும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை ஒரு வயரில் தொடராகச் சேர்ப்பது, அவ்வளவுதான். எல்இடி பல்பு உதவாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் நிம்மதி. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணையுங்கள், உள்ளே ஷார்ட். ரேடியோவின் பின்னால் வோல்டேஜ் மாற்றும் தகடு இருந்தால் இருப்பதிலேயே உயர்ந்த எண்ணில் வையுங்கள்.

உயிர் விஷயம் ஒன்று. வால்வுகளில் யூசிஎச், யூபிஎஃப், யூஒய் என்று "யூ"வில் தொடங்கும் எண்கள் இருந்தால், அது ஏசி/டிசி ரேடியோ. அதில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. கரண்டின் ஒரு வயர் நேராகச் சேசிஸில், அதாவது பாகங்களைப் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டில், வந்து நிற்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். திருகின் நாப் கழன்றிருந்தால் அதன் உலோகத் தண்டே அடிக்கும். அப்படிப்பட்ட பெட்டியை அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள், நீங்களே நோண்ட வேண்டாம். மற்ற ரேடியோவிலும், அணைத்த பிறகு பெரிய கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை வெளியேற்றிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

டயல் கயிறு அறுந்திருந்தால் நம் ஊரில் எல்லோரும் கைக்கு எட்டிய தங்கூசி நரம்பை (தூண்டில் நரம்பு) கட்டுகிறார்கள். மீனுக்கு அது சரி, டயலுக்குச் சரிப்படாது. வழுக்கும், நாளாக நாளாக இழுபடும். முள் ஓரிடத்தில், ஸ்டேஷன் வேறிடத்தில். பின்னல் நூல்தான் பிடித்து நிற்கும். தேங்காய் எண்ணெய்க்கும் இதே பதில். தண்டு இறுகினால் ஒரு சொட்டு விடுவது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம்; அது பிசினாகி இன்னும் இறுகும். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் விடுங்கள்.

பெட்டியைப் புதிதாக்கிக் காட்ட வேண்டும் என்று சிலர் பழைய பாலிஷை முழுக்க உரித்து, மின்னுகிற வார்னிஷ் அடிக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. ஈரத்துணியால் துடைத்து, வெனீர் பெயர்ந்த இடத்தை ஒட்டி, அரக்குப் பாலிஷ் தெரிந்த ஆசாரியிடம் லேசாகத் தேய்க்கச் சொன்னால் போதும். உள்ளே தபாலாபீஸ் லைசென்ஸ் புத்தகம் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ரேடியோ கேட்கவே வருஷாவருஷம் பணம் கட்டிய காலத்துச் சாட்சி அது.

பாடத் தொடங்கியதும் என்ன கேட்பீர்கள் என்பதையும் யோசித்துவிடுங்கள். நாகர்கோவில் வானொலி 101 எஃப்எம்மில் வருவது. பாட்டாவின் ரேடியோவில் பெரும்பாலும் எஃப்எம் பேண்டே இருக்காது. மீடியம் வேவில் திருவனந்தபுரம் 1161, திருநெல்வேலி 1197 என்பது எங்கள் தலைமுறைக்கு மனப்பாடம். கொழும்பு இங்கிருந்து கடல்வழியாக 300 கிலோமீட்டர் சுமார்தான். உப்புநீரின் மேல் மீடியம் வேவ் நன்றாகப் பாயும் என்பதால்தான் இலங்கை வானொலி நம் கரையில் உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கேட்டது. பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-இல் நின்றது. வீட்டிலுள்ள எல்இடி பல்புகளும் போன் சார்ஜர்களும் போடும் இரைச்சலில் மிச்சமும் மூழ்கிவிடும். அவற்றை அணைத்து, தென்னைக்கு உயரே ஒரு வயரை ஏரியலாகக் கட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மழைக்காலத்தில் இடி கேட்டால் உடனே அதைக் கழற்றிவிட வேண்டும்.

போனில் இருக்கும் பாட்டைக் கேட்க, உள்ளே இருப்பதைப் பிடுங்கிப் புளூடூத் போர்டு வைக்க வேண்டியதில்லை. நிறைய ரேடியோக்களில் பின்னால் ரெக்கார்டு பிளேயருக்கென்று இரண்டு துளைகள் இருக்கும், அதில் கொடுக்கலாம். "யூ" வரிசை ரேடியோவில் மட்டும் கூடவே கூடாது. போனும் நீங்களும் மெயினில் நிற்பீர்கள்.

ரெக்கார்டு பிளேயர் இதைவிடச் சுலபம். தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் கட்டியாகியிருக்கும். அதன் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். சத்தமே வரவில்லை என்றால் கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசி பொருத்தியிருக்கும் சின்னத் தலையை, சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல் வகைக்குள் இருப்பது ரோஷெல் உப்பு, ஈரம் குடித்துச் செத்துப்போகும். அதற்குப் பதில் செராமிக் கார்ட்ரிட்ஜ் போடலாம். 78 தட்டுக்கும் எல்பிக்கும் ஊசி வேறு. மாற்றிப் போட்டால் தட்டு கெடும்.

பின்பக்க அட்டையில் உள்ள மாடல் நம்பரையும் வால்வுகளின் எண்களையும் படமெடுத்துப் போடுங்கள். சர்க்யூட் என்னிடம் இருந்தால் தருகிறேன்.