மலைப்பாதைக்கு எந்த சைக்கிள், எந்த டயர்? வாசகர் கேள்வி-பதில்

மவுண்டன் பைக் வாங்குவது, டயர் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று பழைய 26 அங்குல ஹார்ட்டெயில், முன்பக்கம் மட்டும் ஷாக், ரிம்மை ரப்பர் கட்டைகளால் பிடிக்கும் வி-பிரேக். இன்னொன்று ஆசைப்பட்டு வாங்கிய, முன்னும் பின்னும் ஷாக் உள்ள டபுள் ஷாக்கர், டிஸ்க் பிரேக். வார இறுதியில் தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளில் ஓட்டுகிறேன். டபுள் ஷாக்கரில் ஏற்றம் ஏற முடியவில்லை. பழையதில் மழை பெய்தால் வழுக்குகிறது. இரண்டையும் விற்றுவிட்டு 35,000 ரூபாயில் புதிதாக ஒன்று வாங்கலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். டபுள் ஷாக்கரை விற்றுவிடுங்கள். பழைய ஹார்ட்டெயிலை வைத்துக்கொண்டு அதற்கு நல்ல டயர் போடுங்கள். உங்கள் இரண்டு புகார்களுக்கும் அதில் தீர்வு இருக்கிறது.

முதலில் டபுள் ஷாக்கர். மலிவு விலை வண்டிகளில் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் அமுங்கி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே எண்ணெய் வைத்த அமைப்பு இருக்காது. ஏற்றத்தில் நீங்கள் பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த ஸ்பிரிங் அமுங்கும். சக்கரத்துக்குப் போகவேண்டிய உழைப்பில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது. இரும்புச் சட்டத்தின் எடையும் சேர்ந்துகொள்ளும். இணைப்புகளில் உள்ள புஷ்கள் சீக்கிரம் தேய்ந்து, வண்டியின் பின்பாகம் ஆட ஆரம்பிக்கும். பின்னாலும் ஒழுங்காக வேலை செய்யும் ஷாக் வேண்டுமென்றால் நம் ஊரில் ஒரு லட்சத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும். இருபதாயிரத்துக்குள் இரண்டு ஷாக்கும் டிஸ்க் பிரேக்கும் தருகிறார்கள் என்றால், சட்டம், சக்கரம், பேரிங் ஆகியவற்றில்தான் காசைக் குறைத்திருப்பார்கள். கடையில் இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பையன்கள் அந்த வண்டியை வாங்கி, இரண்டு ஏற்றம் ஏறிப் பார்த்து, "சைக்கிள் நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள்.

இனி வழுக்கல். கம்பெனியிலிருந்து வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் கெட்டியான ரப்பர். நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஈரக் கல்லில், ஈர வேரில் பிடிக்காது. நீலகிரியின் கிழக்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஈரம் இல்லாத மாதங்களை எண்ணிவிடலாம். ஆகவே முன் டயரை ஈரத்தை நினைத்தே தேர்ந்தெடுங்கள்: டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர் பட்டன்கள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருக்கட்டும், ஓரத்துப் பட்டன்கள் தடிமனாக இருக்கட்டும், ரப்பர் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கட்டும். இடைவெளி இருந்தால்தான் சேறு ஒட்டிக்கொண்டே இருக்காமல் உதிரும். பின் டயருக்கு நடுவில் நெருக்கமான, தணிந்த பட்டன்கள் போதும். அது எளிதாக உருளும், ஏற்றத்தில் காலுக்கு உழைப்பு மிச்சம். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் ஆள் கீழே. ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முன் டயரை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றும் திசையைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் திருப்பி மாட்டிவிடுவது நிறைய நடக்கிறது.

காற்றையும் குறையுங்கள். பஞ்சர் கடைகளில் கல் மாதிரி ஆகும்வரை அடித்துத்தான் அனுப்புவார்கள். தார்ச்சாலையில் சுமை ஏற்றும் சைக்கிளுக்கு அது சரி. மண் பாதையில் டயர் கொஞ்சம் நசுங்கி, கல்லை அணைத்துக்கொண்டு போக வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர், 2.1 அல்லது 2.2 அங்குல டயர், உள்ளே டியூப் என்றால் முன்னால் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) பக்கத்திலும் பின்னால் மூன்று நான்கு கூடுதலாகவும் வைத்து ஆரம்பிக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்த கைப்பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், பெட்ரோல் பங்க் காற்றில் இந்த நுணுக்கம் வராது.

டயருக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று தோன்றலாம். மவுண்டன் பைக் பிறந்த கதையே டயரில்தான் தொடங்குகிறது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமல்பாயஸ் மலைச்சரிவுகளில் இளைஞர்கள் ஓட்டியது 1930-40-களின் பழைய ஷ்வின் கம்பெனி சைக்கிள்களை. அவற்றில் ஷாக் கிடையாது, இறக்கத்துக்கு ஏற்ற பிரேக்கும் கிடையாது. 26 அங்குலத்தில் பருத்த பலூன் டயர் இருந்தது, அதற்காகவே அவற்றைத் தேடிப்பிடித்தார்கள். 1976-ல் அங்கே 'ரீபேக்' என்ற இறக்கப் பந்தயத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் உருகிப் போய், புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். முன் ஷாக் சந்தைக்கு வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1980-களின் கடைசியில்தான். அதுவரை டயர்தான் ஷாக்.

வி-பிரேக்குக்குப் புது ரப்பர் கட்டைகள் போட்டு, ஈரத்தில் ரிம்மைத் துடைத்து வைத்துக்கொண்டால் உங்கள் வேகத்துக்கு அது தாங்கும். நீண்ட இறக்கங்களில் கை வலித்தால் அப்போது புது வண்டியை யோசியுங்கள். உலக அளவில் 27.5, 29 அங்குலத்துக்கு மாறிவிட்டதால் 26-க்கு நல்ல டயர் கிடைப்பது வருடத்துக்கு வருடம் குறைகிறது. பிடித்த டயர் கிடைத்தால் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

புது வண்டி வாங்கும் நாள் வந்தால், உங்கள் உயரத்துக்கேற்ற சட்ட அளவு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தின் மையத்தில் (ஹப்) பல்சக்கரத் தொகுதியைத் திருகி மாட்டும் ஃப்ரீவீலுக்குப் பதில் செருகி மாட்டும் கேசட், இந்த மூன்றையும் கேளுங்கள். ஃப்ரீவீல் ஹப்பில் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் கரடுமுரடான பாதையில் அச்சு வளைந்துவிடும். கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

கேள்வி: என் 27.5 அங்குல வண்டிக்கு 29 அங்குல டயர் போட முடியுமா? முடியாவிட்டால் 2.4 அகல டயராவது போடலாமா? டயரில் இருக்கும் எண்கள் குழப்புகின்றன. (ஏற்காடு வாசகர்)

பதில்: 29 போகாது. டயரில் 27.5 x 2.10 என்று இருப்பதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 54-584 மாதிரி ஓர் எண் இருக்கும். நம்பவேண்டியது அதை. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 26 அங்குல மவுண்டன் பைக்குக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. இரண்டாவது எண் ஒன்றாக இருந்தால்தான் டயர் பொருந்தும். 26 x 1 3/8 என்று எழுதிய சாதா சைக்கிள் டயரின் எண் 590. அதுவும் '26'தான், ஆனால் மவுண்டன் பைக் ரிம்மில் உட்காரவே உட்காராது. கடைக்குப் போகும் முன் பழைய டயரின் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2.4 போடுவதற்கு முன், இப்போதுள்ள டயருக்கும் சட்டத்துக்கும் இருக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். புது டயர் மாட்டிய பிறகும் இரு பக்கமும் 6 மி.மீ. மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய சேறும் சிறு கல்லும் சட்டத்தை அறுத்துவிடும். நடுத்தர விலை வண்டிகளின் ரிம் குறுகலாக இருக்கும், அதில் 2.4 டயர் திருப்பத்தில் சாய்ந்து நெளியும். பெரும்பாலானவர்களுக்கு 2.2 அல்லது 2.25 போதும்.

கேள்வி: எங்கள் பக்கம் மலை கிடையாது. கண்மாய்க்கரை, காட்டுப்பாதை, பொட்டல். ஒரு தடவை போய்வந்தால் மூன்று பஞ்சர். டியூப்லெஸ் போடச் சொல்கிறார்கள், செலவு அதிகம். வேறு வழி உண்டா? (விருதுநகர் மாவட்ட வாசகர்)

பதில்: உங்கள் எதிரிகள் இரண்டு பேர், நெருஞ்சியும் சீமைக்கருவேலமும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது.

நெருஞ்சிக் காய் காய்ந்து ஐந்து துண்டாக உடையும். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும். முள் சின்னது, ஓட்டையும் சின்னது, எண்ணிக்கைதான் அதிகம். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கும் இந்தச் செடி போய்ப் பரவியிருப்பதால், அங்கே மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களும் இதே முள்ளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். சீமைக்கருவேல முள் நீளம், மரம்போல் கெட்டி. வெட்டிய கிளையை இழுத்துப்போன பாதையில் அது நேராக நின்றால் எந்த டயரையும் துளைக்கும்.

நெருஞ்சிக்கு, ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவமான சீலன்ட் போதும். டியூப்லெஸ்ஸுக்கு மாறாமலே இருக்கும் டியூபில் ஊற்றலாம். கார் வால்வு மாதிரி தடித்த வால்வு என்றால் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு ஊற்றி, மறுபடி மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் ஊசி கழலும் வகைதானா என்று பாருங்கள். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் உலர்கிறது. பாட்டிலில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சேருங்கள்.

கருவேல முள்ளுக்கு டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் லைனர் பட்டை உதவும். எடை கூடும், வண்டி மந்தமாகும், பட்டையின் ஓரம் டியூபைத் தேய்க்கவும் செய்யும். ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்து, சரியாக நடுவில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும். சரி, எடையைப் பற்றி உங்களுக்குப் பெரிய கவலை இல்லையென்றால் சீலன்ட், லைனர் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். செலவு டியூப்லெஸ்ஸில் பாதிகூட வராது.

டியூப்லெஸ்ஸுக்கு ரிம்மும் டயரும் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதா ரிம்மில் டேப் ஒட்டி ஒப்பேற்றித் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் பெரிய அடி.

பஞ்சர் ஒட்டும்போது டியூபைக் கவனியுங்கள். அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் அது முள்ளின் வேலை இல்லை. காற்று குறைந்து, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. அதற்கு மருந்து இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டுவதுதான். ஒட்டிய பிறகு டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். ஒடிந்த முள் உள்ளேயே இருந்தால் துணி மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். அடுத்த நாளே வரும் 'இரண்டாவது பஞ்சர்' பாதிக்குமேல் இதனால்தான்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் 4 அங்குல அகல டயர் வைத்த ஃபேட் பைக் கேட்கிறான். பள்ளிக்கும் அதில்தான் போவான். வாங்கிக் கொடுக்கலாமா? (திருச்சி வாசகி)

பதில்: வேண்டாம். அந்த டயர் பனியிலும் மணலிலும் புதையாமல் போவதற்காக வந்தது. தார்ச்சாலையில் இழுவை அதிகம், தினமும் பள்ளிக்கு ஓட்டினால் களைத்துப்போவான். தேய்ந்தால் அதே அளவில் டயரும் டியூபும் தேடி அலைய வேண்டும். அதே பணத்தில் இரண்டு அங்குல டயருள்ள ஹார்ட்டெயிலைக் கடையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அவனே முடிவை மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஆன்லைனில் இறக்குமதி டயர் ஒரு ஜோடி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். விற்றவர் "பயன்படுத்திவிட்டீர்கள்" என்று சொல்லி எடுக்க மறுக்கிறார். என்ன செய்வது? (கோவை வாசகர்)

பதில்: மாட்டாமல் அப்படியே வையுங்கள். வெடிப்புகளையும், தேயாத பட்டன்களையும், பெட்டியின் மேல் லேபிளையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பொட்டலப் பொருளில் தயாரித்த மாதமும் ஆண்டும், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். டயர் பழைய சரக்கு என்பது பெரும்பாலும் அந்த லேபிளிலேயே தெரிந்துவிடும். லேபிளே இல்லை என்றால் அதுவும் உங்கள் பக்கத்துக்கு வலு.

2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளை விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். போனில் பேசியதோடு விட்டுவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். டயரின் விலையோடு, அலைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

கடையில் நேரில் வாங்குகிறவர்களுக்கும் இதே சட்டம் துணை இருக்கிறது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணத்தைத் தராததும் அப்படியே. பில்லில் டயரின் பெயர், அளவு, மாடல் மூன்றையும் எழுதி வாங்குங்கள். 'சைக்கிள் டயர் - 2' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு, எந்த டயர் வாங்கினீர்கள் என்று பிறகு நிரூபிப்பது கஷ்டம்.