பல் எடுக்கும் முன் போடும் மரப்பு ஊசியை வலிக்காமல் போட முடியுமா?

செங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் எடுக்கணும், ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுகிறார், ஆரியங்காவு தாண்டிப் புனலூர் போனால் வலிக்காத ஊசி கிடைக்குமா என்று.

எந்த ஊர் என்பதைவிட, போடுகிற கை எப்படி என்பதுதான் முக்கியம். முனை குத்துவதைவிட, மருந்து வேகமாக உள்ளே போய்ச் சதையை விரிப்பதுதான் அதிகம் வலிக்கும். ஒரு மில்லிக்கு ஒரு நிமிடமாவது எடுத்து விட வேண்டும். மேலண்ணத்தில் சதை எலும்போடு இறுக ஒட்டியிருக்கும். அங்கே இன்னும் நிதானம் வேண்டும். இந்த வேகத்தைக் கணினியே கட்டுப்படுத்தும் கருவிகளும் உண்டு; பேனா போலப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடலாம்.

அதற்கு முன் மரப்பு ஜெல். ஈறைத் துடைத்து உலர்த்தித் தடவி, இரண்டு நிமிடம் காத்திருக்கணும். எச்சில் மேல் தடவி உடனே குத்தினால் பலனில்லை.

அப்புறம் எரிச்சல். ஊசியில் போடும் மரப்பு மருந்தான, அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் கெடாமலிருக்க அமிலத்தன்மையோடு தயாரிக்கப்படுகிறது. போடுவதற்குச் சற்று முன் சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் எரிச்சல் குறையலாம். நான் உதட்டை இரு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே போடுவேன். அந்த அசைவு வலி உணர்வை மட்டுப்படுத்தும், "போட்டாச்சா டாக்டர்?" என்று கேட்டவர்கள் உண்டு.

தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை. சீழ் பிடித்து வீங்கிவிட்டால் மருந்து சரியாகப் பிடிக்காது. இந்த வாரமே கூட்டிப் போங்கள்; பிரஷர், இதய மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.