சிறுவர் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஸ்பிரெட் பாஸ்: பயிற்சியாளர் பதில்கள்

அமெரிக்காவில் 10 முதல் 13 வயது வரையுள்ள சிறுவர் அணிகளுக்குத் தன்னார்வமாகப் பயிற்சி தருவோரும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்குப் பல பருவங்களாக இதே வேலையைச் செய்துவரும் ஒருவரின் பதில்கள் இவை.

கேள்வி: ஸ்பிரெட் அமைப்பில் (ரிசீவர்களை, அதாவது பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை, மைதானத்தின் அகலத்தில் பரப்பி நிறுத்தும் முறையில்) முதன்முதலாக எந்த பாஸை (முன்னோக்கிய எறிதலை) கற்றுத் தரலாம்?

ஸ்லாண்ட்–பிளாட் என்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு புறமும் இரண்டு ரிசீவர்களை நிறுத்துங்கள். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் அனுப்பப்பட்டு ஆட்டம் தொடங்கியதும், வெளி ரிசீவர் மூன்று எட்டு நேராக ஓடி, மூன்றாவது எட்டில் வெளிக்காலை அழுத்தி ஊன்றி, உள்நோக்கிச் சாய்வாகத் திரும்ப வேண்டும்; இதுவே ஸ்லாண்ட். அந்த மூன்றாவது எட்டு வெளிக்காலில் விழ வேண்டுமானால், நிற்கும்போதே உள்கால் முன்னால் இருக்க வேண்டும். உள் ரிசீவரோ மூன்று யார்டு ஆழத்துக்குள்ளேயே பக்கக் கோட்டை நோக்கி விரைய வேண்டும்; இதுவே பிளாட். இரண்டு எறிதல்களுமே குறுகியவை என்பதால் பதினொரு வயதுப் பிள்ளையின் கைவலு போதும்.

கேள்வி: என் குவாட்டர்பேக் (பந்தை எறிபவன்) பந்தைக் கையில் வைத்துக்கொண்டே திகைத்து நிற்கிறான். அவன் யாரைப் பார்க்க வேண்டும்?

எதிரணியில் ஒரே ஒருவரை மட்டும் பார்த்தால் போதும். உள் ரிசீவருக்கு எதிரே நிற்பவர்தான் அவர். அவர் உள் ரிசீவரைத் துரத்திக்கொண்டு வெளியே ஓடினால் அவர் விட்டுச்சென்ற இடத்தில் ஸ்லாண்ட் திறக்கும். ஓடாமல் நின்றாலோ பின்வாங்கினாலோ பிளாட்டுக்கு எறிய வேண்டும். என் முதல் பருவத்தில் நான்கு ரிசீவர்களையும் வரிசையாகப் பார்க்கும்படி கற்றுக்கொடுத்தேன். பையன் இரண்டாவது ஆளை எண்ணி முடிப்பதற்குள் தரையில் கிடந்தான். தவறு அவனுடையதன்று.

இப்போது அந்தத் தடுப்பாளரின் இடத்தில் நானே நிற்கிறேன். முதல் நாள் பந்தே கிடையாது: நான் வெளியே நகர்ந்தால் அவன் ‘ஸ்லாண்ட்’ என்றும், நின்றால் ‘பிளாட்’ என்றும் உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் சொல்வதற்குப் பதிலாக எறிவான். மூன்றாம் நாள் ஓர் எட்டு வெளியே வைத்துவிட்டுச் சட்டென்று உள்ளே திரும்பி அவனை ஏமாற்றிப் பார்ப்பேன். தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகள் ஏமாறுவார்கள். இடுப்பைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

கேள்வி: ஷாட்கன் ஸ்னாப் (சில யார்டு பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்குக்குப் பந்தை அனுப்புவது) அவன் தலைக்கு மேலே பறக்கிறதே?

இந்த வயதில் பாஸ் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். சென்டர், அதாவது பந்தைப் பின்னால் அனுப்புபவர், அதைச் சுழற்றி அனுப்ப முயல வேண்டாம். பந்தின் முன்முனையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருகாமல், பந்து மெதுவாகக் குட்டிக்கரணம் அடித்துப் போகும்படி பின்னால் தூக்கிவிட்டால் போதும். குவாட்டர்பேக்கை ஐந்து யார்டுக்குப் பதிலாக நான்கில் நிறுத்துங்கள். தினமும் பயிற்சியின் முதல் பத்து நிமிடங்களை இவர்கள் இருவருக்கும் ஒதுக்குவது வீணாகாது.

கேள்வி: எங்கள் உள் ரிசீவர் யாரையும் மறிக்காதபோதே நடுவர் அவர்மீது கொடி (விதிமீறலுக்கான அடையாளம்) வீசினார். ஏன்?

உங்கள் உள் ரிசீவர், வெளி ரிசீவரைப் போலவே ஸ்கிரிமேஜ் கோட்டின்மீது (ஆட்டம் தொடங்கும்போது பந்து இருக்கும் கோடு) ஏறி நின்றிருக்கக்கூடும். அப்படி நின்றால் வெளியே நிற்பவர் அவரை ‘மூடிவிடுகிறார்’. மூடப்பட்டவர் பாஸ் பிடிக்கத் தகுதியற்றவராகிறார், பாஸ் ஆட்டத்தில் அவர் முன்னேறி ஓடினால் தண்டனை உண்டு. வெளி ரிசீவர் கோட்டில், உள் ரிசீவர் ஓர் எட்டுப் பின்னால் என்பதே வழக்கம். நின்றவுடன் பக்க நடுவரைப் பார்த்து, தாம் கோட்டில் இருப்பதைக் கைநீட்டிக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வெளி ரிசீவரைப் பழக்குங்கள். பெரியவர்களும் அதையே செய்கிறார்கள்.

கேள்வி: இரண்டு ரிசீவர்களும் குறுக்கே போகும்போது, ஒருவர் மற்றவரின் தடுப்பாளரை மறித்துவிட்டால் நல்லதுதானே?

வேண்டுமென்றே மறிப்பது ஆட்ட விதிக்குப் புறம்பானது, கொடி விழும். பாதைகள் நெருங்குவதால் தடுப்பாளர் தாமாகச் சிக்கித் தடுமாறினால் அது வேறு. ‘யாரையும் தொடாதே, உன் பாதையில் ஓடு’ என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு எந்த அளவுப் பந்து வாங்குவது?

பீ வீ, ஜூனியர், யூத் என்று அளவுகள் உண்டு. உங்கள் லீக் அந்த வயதுக்கு எதை விதித்திருக்கிறதோ அதையே வாங்குங்கள். வீட்டில் பெரிய பந்தால் பழகினால் கை வலுவடையும் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சிறிய கை பந்தைச் சுற்றிப் பிடிக்க முடியாமல் உள்ளங்கையால் தள்ளத் தொடங்கும், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு பருவமே போய்விடும்.