கடைசித் தாளில் இருந்த கோடு

வாசகர் கேள்வி: எனக்கு 29 வயது, தங்கைக்கு 22. ஏழு பாகம் கொண்ட ஒரு மாயாஜால நாவல் தொடரை நான்தான் அவளுக்கு அறிமுகப்படுத்தினேன். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தினமும் ராத்திரி ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுவேன். இப்போது அது வெப் சீரிஸாக வருகிறது. யார் எந்த வேடத்தில் நடிக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. கண் நிறம், உயரம், வயது எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அவளோ அதெல்லாம் முக்கியமே இல்லை என்கிறாள். நான் அட்மினாக இருக்கும் ரசிகர் குழுவில் எல்லோரும் என் பக்கம். அவள் பதினான்கு வயதில் முதல் பாகத்தின் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதி வைத்திருந்த நடிகர் பட்டியலைக்கூட ஒருமுறை போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். நானூறு பேர் சிரித்தார்கள். ராணி வேடத்துக்கு ஒரு மேடை நாடக நடிகையின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘இவங்க சும்மா நின்னாலே பயமா இருக்கு’ என்று குறிப்பு வேறு. நாயகன் பெயருக்கு எதிரே வெறும் கோடு! இரண்டு மாதமாக என்னோடு பேசுவதில்லை. ஒரு சீரிஸுக்காக இவ்வளவு கோபமா? அடுத்த மாதம் முதல் எபிசோட் வருகிறது, சேர்ந்து பார்க்க ஆசை. அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: கண் நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள், தம்பி. இடம் போதாமல் சுருக்கிவிட்டேன். தங்கையின் கையெழுத்தைப் படம் பிடித்து நானூறு பேர் நடுவில் வைத்ததற்கு ஒரே ஒரு வரி. அதிலும் ‘பட்டியலைக்கூட’ என்று ஒரு ‘கூட’. உங்கள் இரண்டு மாதமும் அந்தக் ‘கூட’வுக்குள்தான் இருக்கிறது. அவள் சீரிஸுக்காகக் கோபப்படவில்லை. புரிய வைக்க வேண்டியது அவளுக்கும் இல்லை.

அந்தத் தாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் குரலில் கேட்ட கதை அது. கேட்ட பெண்ணுக்குள் யார் யாரோ முகம் எடுத்தார்கள். அதைப் பதினான்கு வயதில் எழுதிப் பார்க்கிறாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதானே பென்சிலில் எழுதினாள்? எழுதியது நோட்டுப் புத்தகத்தில் இல்லை, அந்த நாவலிலேயே. வீட்டில் அந்த நாவலை மறுபடி திறக்கக்கூடிய இன்னொரு ஆள் நீங்கள் ஒருவர்தான். எட்டு வருடம் அது அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுத்துப் போட்ட கை, பக்கம் புரட்டி வாசித்துக் காட்டிய அதே கை.

வீட்டுக்குள் தங்கையை எவ்வளவு வேண்டுமானாலும் சீண்டுங்கள். பட்டியலைப் பார்த்து அவள் எதிரிலேயே விழுந்து விழுந்து சிரித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, தலையணையைத் தூக்கி அடித்திருப்பாள். வாசலைத் தாண்டிவிட்டால் அவள் பக்கம்தான் நிற்க வேண்டும். அவள் சொன்னது தப்பாகவே இருந்தாலும் ஊர் சிரிக்கும்போது நடுவில் போய் நிற்பவன்தான் அண்ணன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நீங்கள் நடுவில் நிற்கவில்லை. நானூறு பேரைக் கூட்டி வந்து காட்டினீர்கள். வாதத்தில் ஆள் பலம் வேண்டும் என்பதற்காகக் கூடப் பிறந்தவளைக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள்.

இத்தனைக்கும் வாதத்திலாவது நீங்கள் சரியா என்றால், அதுவும் இல்லை. நடிகர் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தத் தாளை வேறு மாதிரி வாசிப்பீர்கள்.

கண் நிறத்தையே எடுத்துக்கொள்வோம். ஹாரி பாட்டர் புத்தகத்தில் நாயகனுக்குப் பச்சைக் கண். 2001இல் வந்த முதல் படத்துக்கு டேனியல் ராட்க்ளிஃபுக்கு கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. நீலக் கண்ணோடே எட்டுப் படமும் நடித்து முடித்தார். கதைக்கு எந்தக் குறையும் வரவில்லை. ஏனென்றால் கதைக்குத் தேவைப்பட்டது பச்சை நிறம் இல்லை, ‘உனக்கு உன் அம்மாவின் கண்’ என்று பிறர் சொல்வது உண்மையாகத் தெரிவதுதான். சறுக்கியதும் அங்கேதான். 2011இல் வந்த கடைசிப் படத்தில் அம்மாவின் சிறுவயது வேடத்தில் வந்த குழந்தைக்குப் பழுப்புக் கண். இத்தனை வருடம் நீலத்தைப் பொறுத்துக்கொண்ட ரசிகர்கள் அதைப் பொறுக்கவில்லை. புத்தகத்தில் உள்ள ஒரு விவரத்தைப் பார்த்ததும் ‘இது கதையில் என்ன வேலை செய்கிறது?’ என்று கேட்க வேண்டும். வேலை செய்யாத விவரத்தை விட்டுவிடலாம். வேலை செய்வதை விடவே கூடாது.

உயரம் அதைவிடச் சின்ன விஷயம். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களில் குள்ளர் இனத்து கிம்லியாக நடித்த ஜான் ரைஸ் டேவிஸ், கதையில் சேர்ந்து பயணம் போகும் ஒன்பது பேராக நடித்தவர்களிலேயே உயரமானவர், ஆறடிக்கு மேல். கேமராவுக்கு அருகில் ஒருவர், தள்ளி ஒருவர் என்று நிறுத்துவது, ஒரே அறையை இரண்டு அளவில் கட்டுவது, முதுகு மட்டும் தெரியும் ஷாட்டுக்கு வேறு உடல்வாகு உள்ள ஆளை வைப்பது என்று எத்தனையோ வழி இருக்கிறது. குரலில் கனம் இல்லாதவருக்கோ எதிரே பேசுபவரைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியாதவருக்கோ அப்படி ஒரு வழியும் இல்லை.

மூன்றாவது, வயது. உங்கள் கட்சி முழுசாக உடைவது இங்கேதான். ஏழு பாகம், சீசனுக்கு ஒரு பாகம் என்று வையுங்கள். உடையும் கிராஃபிக்ஸும் நிறைந்த இந்த மாதிரி சீரிஸில் ஒரு சீசனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு வருடம் ஓடிவிடுவது இப்போது சாதாரணம். முதல் சீசனில் பதினொரு வயதுப் பையன் கடைசி சீசனில் இருபத்து மூன்று வயது இளைஞன். குரல் உடையும், தாடி வரும், நண்பனாக நடிக்கும் பையனைவிட ஒரு சாண் உயர்ந்துவிடுவான். இதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் தேர்வுக் குழு வேலை செய்கிறது. இன்று பிரபலமாக இருக்கும் எந்தக் குழந்தை நட்சத்திரமும் பேச்சுவார்த்தை முடிந்து கேமரா ஓடுவதற்குள் அந்த வயதைத் தாண்டியிருக்கும். ஆகவே அந்த வேடத்துக்கு உரியவர் பெரும்பாலும் இன்றைக்கு யாருக்கும் தெரியாத ஒரு குழந்தைதான். ஹாரி பாட்டர் கதையை ஹெச்பிஓ சேனலுக்குச் சீரிஸாக எடுக்க 2024இல் பொது அழைப்பு விடுத்தார்கள். முப்பது வினாடிக்குள் ஒரு கவிதையோ கதையோ சொல்லி வீடியோ அனுப்ப வேண்டும், ஹாரி பாட்டர் வசனம் மட்டும் வேண்டாம் என்றார்கள். முப்பதாயிரத்துக்கும் மேல் குழந்தைகள் வந்தார்கள். அதிலிருந்துதான் மூன்று முக்கிய வேடங்களுக்கு மூன்று பேரை எடுத்தார்கள்.

இப்போது உங்கள் தங்கை போட்ட கோட்டைப் பாருங்கள். ‘இவர் யாரென்று இன்னும் தெரியாது’ என்பதுதான் அந்த இடத்துக்குச் சரியான விடை. அதைப் பதினான்கு வயதில் எழுதியிருக்கிறாள். உங்கள் குழுவில் அதிகம் சிரிப்பு வாங்கியதும் அதுதான்.

ராணிக்கு எழுதிய குறிப்பும் லேசானதில்லை. ரசிகர் பட்டியல்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது புகைப்படத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதால்தான். அதுவும் பத்து வருடத்துக்கு முந்தைய புகைப்படம். ஒரு நடிகையை ராணிக்கு நினைத்தால் அவர் நடித்த காட்சி ஒன்றை இரண்டு நிமிடம் எடுங்கள். முதலில் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் பேசும்போது இவர் முகத்தில் என்ன நடக்கிறது? வசனம் இல்லாத நேரத்திலும் கண் இவரிடமே போகிறதா? பிறகு அதே காட்சியைத் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். குரலை வைத்தே யாருக்கு அதிகாரம் என்று தெரிகிறதா? இரண்டிலும் தேறினால்தான் பெயரை எழுத வேண்டும். ‘சும்மா நின்னாலே பயமா இருக்கு’ என்பது சத்தத்தை அணைத்துப் பார்க்கிற அதே சோதனைதான். அவள் யாரிடமும் கேட்காமல் தானாகச் செய்திருக்கிறாள்.

இன்னொன்று. ஒவ்வொரு வேடத்துக்கும் தனித்தனியாக நல்ல ஆளைப் பிடித்தால் நல்ல கூட்டம் அமைந்துவிடாது. அதனால்தான் கடைசிச் சுற்றில் இருவர் மூவராக நிற்கவைத்து, ஆளை மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்கிறார்கள். அப்படியும் தவறிவிடுகிறது. கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதல் எபிசோடை 2009இல் ஒரு தடவை எடுத்து, பெரும்பகுதியை மறுபடி எடுத்தார்கள். முக்கியப் பெண் வேடங்களான டெனேரிஸாகவும் கேட்லினாகவும் நடித்தவர்கள் மாறினார்கள். டெனேரிஸாக எமிலியா கிளார்க் வந்தது அதற்குப் பிறகுதான். 1999இல் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படப்பிடிப்பு தொடங்கிய பிறகு முக்கிய வீரனான அரகோர்ன் வேடத்துக்கு ஆளை மாற்றினார்கள். கதையைப் படைத்தவரின் கணிப்பே தவறியதும் உண்டு. இன்டர்வியூ வித் த வாம்பயர் நாவலை எழுதிய ஆன் ரைஸ், டாம் க்ரூஸ் தன் கதாபாத்திரத்துக்குப் பொருந்தவே மாட்டார் என்று ஊரறியச் சொன்னார். 1994இல் படத்தைப் பார்த்ததும் அதே ஊரறியத் தன் கருத்தை மாற்றிக்கொண்டு பாராட்டினார். எழுதியவருக்கு அதில் கௌரவக் குறைச்சல் வரவில்லை.

அந்தக் கடைசிப் பகுதிதான் உங்களுக்கு வேண்டியது. இன்றைக்கே செய்ய ஆரம்பியுங்கள்.

முதலில் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நீக்குங்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். சத்தமில்லாமல் நீக்கிவிட்டு இருந்துவிடக் கூடாது, எத்தனை பேர் போனில் சேமித்து வைத்திருக்கிறார்களோ தெரியாது. சிரித்த இடத்திலேயே எழுதுங்கள்: ‘அந்தத் தாள் என்னுடையது இல்லை. எழுதியவரைக் கேட்காமல் போட்டேன், தவறு என்னுடையது. சேமித்தவர்களும் பகிர்ந்தவர்களும் நீக்கிவிடுங்கள்.’ இவ்வளவுதான். அவள் பெயர் வேண்டாம். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்ற ரகம் வேண்டவே வேண்டாம். யார் மனம் என்று உங்களுக்குத் தெரியும். கீழே எவராவது மறுபடி கிண்டலைத் தொடங்கினால் நீக்கிவிடுங்கள். அட்மின் அதிகாரம் இருப்பதே அதற்குத்தான்.

அதிகாரம் கையில் இருக்கும்போதே இதையும் செய்யுங்கள். நடிக்க வருகிற குழந்தைகளின் தோற்றம் பற்றி ஒரு சொல் கூடாது என்று குழுவில் விதி வையுங்கள். 2022இல் பெர்சி ஜாக்சன் சீரிஸில் அனபெத் வேடத்துக்குப் பன்னிரண்டு வயது லியா ஜெஃப்ரீஸைத் தேர்ந்தெடுத்தபோது, நிறம் புத்தகத்தில் உள்ளபடி இல்லை என்று அந்தக் குழந்தையை இணையத்தில் வசைபாடினார்கள். நாவலாசிரியரே எழுந்து கண்டிக்க வேண்டியிருந்தது. 2012இல் ஹங்கர் கேம்ஸ் படத்தில் ரூ வேடத்துச் சிறுமிக்கும் அதே வசை. ஆனால் ரூவின் தோல் கரும்பழுப்பு என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. புத்தகத்தின் பேரால் கத்தியவர்கள் அந்தப் பக்கத்தைச் சரியாக வாசித்திருக்கவே இல்லை. ‘புத்தகத்தில் உள்ளபடி’ என்பது உங்கள் கட்சியும்தான். அது எந்தக் கூட்டத்தோடு போய்ச் சேரும் என்று பார்த்து வையுங்கள்.

பிறகு தங்கையிடம் போங்கள். மெசேஜில் வேண்டாம், நேரில். ‘உன் தாளைக் கேட்காமல் எடுத்துப் போட்டேன், உன்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க விட்டேன், தப்பு’ என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் ‘ஆனால்’ வரக் கூடாது, ‘விளையாட்டுக்கு’ வரக் கூடாது. கண் நிறம் வரவே கூடாது. அவள் பட்டியல் சரிதான் என்று இந்தப் பதிலைக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். அவளுக்கு என் சான்றிதழ் தேவைப்படவில்லை, அண்ணன்தான் தேவைப்பட்டான். அவள் பதில் பேசாமல் எழுந்து போனாலும் பின்னால் போகாதீர்கள். இரண்டு மாதத்துக் கோபம் இரண்டு நிமிடத்தில் இறங்க வேண்டும் என்று அவளை நெருக்குவதும் ஒரு அவமரியாதைதான்.

புத்தகத்தை அலமாரியில் இருந்த இடத்திலேயே வையுங்கள். தாளில் எதையும் அழிக்கவும் வேண்டாம், ‘மன்னிப்பு’ என்று எழுதவும் வேண்டாம். நாயகனாக நடிக்கும் பையனின் பெயர் உங்களுக்கு இப்போது தெரியும். அதையும் அந்தக் கோட்டின் மேல் எழுதாதீர்கள். எழுதுவதென்றால் அவள் எழுதட்டும்.

முதல் எபிசோடைச் சேர்ந்து பார்க்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். வருகிறாள் என்றால் போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள், குழு அன்று ராத்திரி நீங்கள் இல்லாமல் ஓடட்டும். வரவில்லை என்றால் நீங்களும் அன்றைக்குப் பார்க்க வேண்டாம். அவள் பார்க்கும் வரை காத்திருங்கள்.